ஏழு நாள் திறக்கக் கூடாது

உடைந்த ஜன்னல் கண்ணாடியை மாற்றுவதில் கடினமான வேலை, புதுக் கண்ணாடியைப் பொருத்துவது அல்ல. பழைய மக்கைச் சுரண்டி எடுப்பது. கண்ணாடிக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே மாவு போலப் பிசைந்து அப்பிய மக்கு, வருடக்கணக்கில் இறுகிக் கல்லாகிவிடும். அவசரப்பட்டு உளியை ஆழமாக விட்டால் மரம் பிளந்துபோகும். பெரும்பாலானவர்கள் அவசரக்காரர்கள். சுரண்டவே மாட்டார்கள், பழையதன் மேலேயே புதியதை அப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

நீங்கள் அந்த ரகம் இல்லை என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. என் நாத்தனார் இறந்த அன்று எங்கள் குளியலறையில் நின்று, ஜன்னல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தீர்கள். "யாரும்மா இத போட்டது? கடைக்காரன்கூட இவ்வளவு சுத்தமா போட மாட்டான்" என்றீர்கள். நான்தான் என்றேன். தலையாட்டினீர்கள். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை. எழுதியிருந்தால் உங்கள் அறிக்கை வேறு மாதிரி இருந்திருக்கும், எனக்கும் இந்தக் காகிதமும் நேரமும் மிச்சமாகியிருக்கும்.

நான் முப்பது வருடமாகப் படச்சட்டம் போடும் கடையில் கண்ணாடி வெட்டுகிறேன். எங்களிடம் வரும் படங்களில் பாதிக்கு மேல் செத்தவர்களின் படங்கள். உயிரோடு இருந்தபோது அந்த முகத்தை நேராகப் பார்க்க நேரமில்லாதவர்கள், சட்டத்தின் பொன்னிறம் ஒரு விரல் அகலமா இரண்டு விரல் அகலமா என்று முக்கால் மணி நேரம் சண்டை போடுவார்கள். நான் தலைநிமிராமல் வெட்டுவேன். கண்ணாடி வெட்டுவது என்று சொல்கிறோமே தவிர, யாரும் கண்ணாடியை வெட்டுவதில்லை. மேலே ஒரு கீறல் போடுகிறோம், அவ்வளவுதான். கீறல் நேராக விழுந்துவிட்டால் லேசாக அழுத்தினால் போதும். மீதியைக் கண்ணாடியே பார்த்துக்கொள்ளும்.

என் கணவரின் படத்துக்கும் நானே வெட்டினேன். என் நாத்தனார் அதைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "இடது பக்கம் ஒரு நூல் கோணல்" என்றார். கோணல் இல்லை. அடிமட்டம் வைத்துப் பார்த்தேன்.

அவர் என் கணவரின் அக்கா. பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சிவப்புப் பேனா. ஓய்வு பெற்றபோது பேனாவை மட்டும்தான் பள்ளியில் விட்டுவிட்டு வந்தார். எங்கள் வீட்டு மாடியில் கணவரும் நானும் அவருமாக இருந்தோம். பிறகு அவரும் நானும். கீழே ஒரு தையல்காரியின் குடும்பம். அவளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். உங்களிடம் அதிகமாக அழுதவள் அவள்தான்.

என் கணவர் ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் இறந்தார். நான் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பியபோது முகச்சவரம் செய்துகொண்டு, கன்னத்தில் நுரையோடு, என் குடைக் கம்பி வளைந்திருக்கிறது, சாயங்காலம் சரி செய்து தருகிறேன் என்றார். நோவு நொடி ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கடைக்குத் தொலைபேசி வந்தது. இதயம், காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் என் நாத்தனார் சொன்னது இது. "காலையிலயே இவகிட்ட நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லியிருக்கான். கடை தொறக்க நேரமாச்சுன்னு ஓடிட்டா. நான் என்னத்த கண்டேன், என் ரூம்ல இருந்தேன்." இதை அவர் குரலை உயர்த்தாமல், என் முன்னாலேயே, எனக்குத் தேநீர்க் கோப்பையை நீட்டியபடியே சொன்னார். அவ்வளவு நிதானமாகச் சொல்லப்படுவதை யாரும் சந்தேகப்படுவதில்லை. நானே இரண்டு நாள், சொல்லியிருப்பாரோ, எனக்குத்தான் காதில் விழவில்லையோ என்று யோசித்தேன்.

மூன்று வாரம் கழித்துத் தையல்காரி துணி காயப்போடும் சாக்கில் என்னிடம் வந்து கிசுகிசுத்தாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு ஒம்பது மணிக்கே அண்ணன் படியில நின்னு, 'அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போலாம், முடியல'ன்னு கூப்பிட்டாரு. 'வாயு புடிச்சிருக்கு, போய்ப் படு, சும்மா ஊரக் கூட்டாத'ன்னு உங்க நாத்தனார் சொன்னாங்க. என் காதால கேட்டேன்."

"இத எல்லார் முன்னாலயும் சொல்லுவியா?" என்று கேட்டேன்.

"ஐயோ, எனக்கெதுக்குக்கா வம்பு. நான் வாடகைக்கு இருக்கறவ."

அழுவதற்கு மட்டும் வாடகை கிடையாது போலிருக்கிறது. அவளை நான் குறை சொல்லவில்லை. எல்லாரும் அப்படித்தான்.

இப்போது ஜன்னலுக்கு வருகிறேன். கணவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். நான் கீழே முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மேலே குளியலறை ஜன்னலை ஒரு கை ஓங்கிச் சாத்தியது. இரண்டு கண்ணாடிகள் உள்ள ஒற்றைக் கதவு ஜன்னல் அது. கீழ்க் கண்ணாடி உடைந்து என் காலடியில் விழுந்தது. அந்தக் கையில் என் நாத்தனாரின் கைக்கடிகாரம் இருந்தது. மேலே போனேன். "காத்து," என்றார். கொடியில் நான் போட்டுவிட்டு வந்த துணி ஒன்றுகூட அசையவில்லை.

ஒரு கண்ணாடிக்குப் போய் யாராவது பொய் சொல்வார்களா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன். தம்பியைப் பற்றிய பொய்க்காவது பயம் என்று ஒரு காரணம் சொல்லலாம். கண்ணாடிக்கு என்ன பயம்? பார்த்துக்கொண்டே இருந்ததில் புரிந்தது. தன் கையால் எதுவும் உடையும் என்பதே அவருக்குச் சம்மதமில்லை. அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். உடைத்தவர் வாயால் ஒரே ஒரு வாக்கியம் வரட்டும், கண்ணாடியை மாற்றுகிறேன். கண்ணாடியைப் பற்றி உண்மை வந்துவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதும் வந்துவிடும் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

வரவில்லை. குளிர்காலம் வந்தது. அவருடைய முழங்கால் வலிக்கு வெந்நீர் வேண்டும் என்று குளியலறைக்குள்ளேயே ஒரு கேஸ் ஹீட்டர் வாங்கி மாட்டச் சொன்னார். மாட்ட வந்தவனைத்தான் நீங்கள் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். புகைக்குழாய் போடாமல் ஹீட்டர் மாட்டினான், அதனால் ஓர் உயிர் போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்காரர்களை எச்சரித்தேன் என்று அவன் சொன்னானாம், நீங்கள் நம்பவில்லையாம். அன்று அவன் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "புகை வெளிய போக பைப் போட செவுத்துல ஓட்ட போடணும்மா. அந்தம்மா செவுத்துல கை வெக்கக் கூடாதுங்கறாங்க. இப்போதைக்கு ஒடஞ்ச கண்ணாடி வழியா காத்து போய் வரும், பரவால்ல. ஆனா இந்தக் கண்ணாடிய மாத்தற அன்னைக்கு என்னக் கூப்பிடுங்க. பைப் போடாம ஜன்னல சாத்திட்டுக் குளிச்சா அந்தப் புகையில நெடி கூட இருக்காது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்." என் நாத்தனார் அப்போது கூடத்தில், விலை ஜாஸ்தி என்று வேறு யாரிடமோ தொலைபேசியில் குறைபட்டுக்கொண்டிருந்தார். கேட்டது நான் மட்டும்.

ஆக, அவர் அதன்பின் உயிரோடு இருந்த ஒரு முழுக் குளிர்காலத்துக்குக் காரணம், அவர் உடைத்து, ஒப்புக்கொள்ள மறுத்த அந்த ஓட்டைதான். வாரம் ஒருமுறையாவது அந்த ஓட்டையைத் திட்டுவார். "கண்ணாடி வெட்டறவ வீட்டுல கண்ணாடி இல்ல. சொன்னா சிரிப்பாங்க." நான் கண்ணாடியை மாற்றவில்லை. அப்போதெல்லாம் நான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்பதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் அவருடைய பழைய மாணவி ஒருத்தி பார்க்க வந்தாள். இப்போது டாக்டர். என் நாத்தனார் அவளுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். குளியலறையில், "காத்துல ஒடஞ்சது. எத்தன தடவ சொன்னாலும் இவளுக்கு ஒறைக்காது" என்றார். கூடத்தில் என் கணவரின் படத்துக்கு முன்னால் நின்று, "இவகிட்ட கெஞ்சியிருக்கான், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன்னு" என்றார். கெஞ்சியிருக்கான் என்பது புதிது. அதுவரை அவர் சொல்லியிருக்கான் என்றுதான் சொல்லி வந்தார். திருத்தி எழுதுவது அவர் தொழில். டாக்டர் பெண் என்னை ஒரு முறை பார்த்தாள். நோயாளியைப் பார்க்கும் பார்வை அல்ல அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் அளவு எடுத்தேன்.

சட்டத்தின் உள்ளளவை விட எல்லாப் பக்கமும் ஒரு நூல் குறைத்து வெட்ட வேண்டும். மரம் ஈரத்தில் ஊதும். இடம் விடாவிட்டால் கண்ணாடி தானாகவே விரிசல் விடும். பழைய மக்கைச் சுரண்ட இரண்டு மணி நேரம் ஆயிற்று. மரத்துக்கு எண்ணெய் தடவினேன். அடியில் மெல்லிய மக்குப் படுகை, அதன்மேல் கண்ணாடி, நான்கு பக்கமும் தலையில்லாத சிற்றாணிகள், மேலே சாய்வாக மக்கு. என் நாத்தனார் வாசலில் நின்று முழுவதையும் பார்த்தார். கடைசியில் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து நகத்தால் ஓரத்தைத் தொட்டார்.

"பரவாயில்லையே," என்றார். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை.

"மக்கு காயணும் அண்ணி. ஏழு நாள் ஜன்னலைத் திறக்கக் கூடாது. தொறந்து சாத்தினா அதிர்வுல கண்ணாடி கழண்டுடும்" என்றேன்.

ஆணி அடித்த கண்ணாடி அன்றைக்கே நிற்கும். மக்கு, மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்கத்தான். இது எந்தத் தச்சருக்கும் தெரியும். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் வேலையில் பிழை பிடித்தவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் தன் கையால் அவர் ஒரு வேலையும் செய்ததில்லை. கொக்கியை நான் நன்றாக அழுத்தி மாட்டினேன். குளிர்காற்று வராமல் குளியலறைக் கதவின் அடியில் ரப்பர் பட்டை அடிக்கச் சொன்னது அவரேதான், போன வருடமே. பெரிய விஷயங்களில் நாங்கள் இருவரும் எப்போதும் ஒத்துழைத்ததே இல்லை. இது ஒன்றில் ஒத்துழைத்தோம்.

அவர் தினமும் காலையில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, ஹீட்டரை எரியவிட்டு, அரைமணி நேரம் முழங்காலில் வெந்நீர் விடுவார். நான் அந்த வாரம் சமையலறை அடுப்பில் தண்ணீர் சுட வைத்து வாளியில் கொண்டுபோய்க் குளித்தேன்.

"ஏன், ஹீட்டர் கடிக்குதா?" என்று கேட்டார்.

"எனக்கு ஒரு வாளி போதும் அண்ணி."

"கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு இருக்கு."

இரண்டாம் நாள் தலைவலி என்றார். மக்கு நாற்றம் தலைக்கு ஏறுகிறது என்று அவரே காரணமும் கண்டுபிடித்தார். எண்ணெய் வாசம், ஒரு வாரத்தில் போய்விடும் என்றேன். மூன்றாம் நாள் குமட்டல். ஒவ்வொரு நாளும், அவர் குளிக்கப் போவதற்கு முன்னால், நான் ஒரே கேள்வியைக் கேட்டேன். நான் நியாயம் தெரிந்தவள். வாய்ப்புக் கொடுக்காமல் எதையும் செய்யவில்லை.

"அண்ணி, இந்தக் கண்ணாடி எப்படித்தான் ஒடஞ்சது?"

"காத்துன்னு எத்தன தடவ சொல்றது. காது கேக்கலையா உனக்கு?"

நான்காம் நாள் தையல்காரி ரவிக்கை அளவு எடுக்க மேலே வந்தாள். கை கழுவக் குளியலறைக்குள் போனவள், "என்னம்மா இப்படிப் புழுங்குது" என்று சொல்லிக்கொண்டே கொக்கியில் கை வைத்தாள். நான் கூடத்தில் கத்தரிக்கோலோடு நின்றேன். ஓடிப்போய்த் தடுப்பதா, விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் என் நாத்தனாரின் குரல் கேட்டது.

"ஏய், தொடாத. ஏழு நாள் தொறக்கக் கூடாதுன்னு என் தம்பி பொண்டாட்டி சொல்லியிருக்கா. முப்பது வருஷமா கண்ணாடி வெட்டறவ, அவளுக்குத் தெரியாதா? உன்ன மாதிரி அரைகுறைன்னு நெனைச்சியா?"

தையல்காரி கையை எடுத்துவிட்டாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்னை ஒருவர் பாராட்டும்போது நான் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குப் பழக்கம் இல்லை.

ஐந்தாம் நாள் குளித்துவிட்டு வந்தவர் கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். தேநீர் போட்டுக் கொடுத்தேன். டாக்டர் மாணவியைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "வாயுதான். படுத்தா சரியாயிடும்" என்றார். தம்பியிடம் சொன்ன அதே வார்த்தைகளைத் தானே தேர்ந்தெடுத்தது அவருக்குத் தெரிந்ததா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. படுக்கை விரிப்பை உதறிப் போட்டுக் கொடுத்தேன்.

ஆறாம் நாள் நான் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். துண்டு மடியில் இருந்தது.

"ஒக்காரு," என்றார். உட்கார்ந்தேன்.

"அந்தக் கண்ணாடிய நான்தான் ஒடச்சேன். காத்து இல்ல. கோவத்துல சாத்தினேன், ஒடஞ்சுபோச்சு."

நான் குளியலறை ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"உனக்குத் தெரியும், இல்ல? தினமும் கேட்டியே." மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னைக்கு அவன் எங்கிட்டதான் சொன்னான். ஒம்பது மணிக்கு. நான்தான் போய்ப் படுன்னேன். செத்துப்போவான்னு எனக்கு எப்படித் தெரியும்? வந்தவங்கல்லாம் ஏன் கூட்டிட்டுப் போகலன்னு கேட்டாங்க. வாய்ல உன் பேரு வந்துடுச்சு. அப்புறம் மாத்த முடியல. ஆறு நாளா நீ போட்ட கண்ணாடியப் பாத்துக்கிட்டே குளிக்கறேன். இவ்வளவு ஒழுங்கா வேலை செய்யறவ மேல போய்ப் பழியப் போட்டோமேன்னு இருக்கு. என்ன மன்னிச்சுடும்மா. அந்த டாக்டர் பொண்ணு ஞாயித்துக்கெழமை வரா. அவகிட்ட நானே சொல்லிடறேன்."

நான் கேட்டிருந்தது ஒரு வாக்கியம். நான் கேட்காதவற்றையும் அவர் சேர்த்துக் கொடுத்தார். பிழை இல்லை. நான் அடிமட்டம் வைத்துப் பார்த்தாலும் கோணல் கண்டிருக்க முடியாது.

மேசையிலிருந்து ஜன்னல் எட்டு அடி. எழுந்து போய்க் கொக்கியைத் தூக்கினால் முடிந்தது. தூக்குவதற்காகத்தான் எழுந்தேன் என்றே நினைக்கிறேன். அப்போது அவர் பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டார், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார், "அப்பாடா. இப்பதான் பசிக்குது. குளிச்சுட்டு வரேன், ரொட்டி ரெண்டு எடுத்து வை" என்றார். முகம் பத்து வயது குறைந்திருந்தது. சொன்னதும் அவருக்கு அது முடிந்துவிட்டது. என் கணவர் படியில் நின்று கூப்பிட்டது, இத்தனை நாள் நான் குனிந்த தலையோடு தேநீர்த் தட்டு ஏந்தியது, எல்லாம் தீர்ந்து பசி எடுத்துவிட்டது.

"போங்க அண்ணி. இன்னைக்குக் கொஞ்சம் அதிகமாவே ஊத்திக்கோங்க. உடம்பு லேசாகும்" என்றேன்.

உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. ஹீட்டர் பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. நான் ரொட்டியை எடுத்து வைத்தேன், இரண்டு. ஒரு மணி நேரம் கழித்துத் தையல்காரியையும் அவள் புருஷனையும் கூப்பிட்டேன். கதவை உடைத்தார்கள். நீங்கள் வந்ததும் மூச்சு முட்டுகிறது என்று சொல்லி அந்த ஜன்னலை விரியத் திறந்தீர்கள், பிறகு ஓங்கிச் சாத்தினீர்கள். கண்ணாடி அசையவில்லை. ஏழு நாள் திறக்கக் கூடாது என்ற விஷயத்தைத் தையல்காரி உங்களிடம் அழுதுகொண்டே சொன்னாள். அன்று ஆறாம் நாள். நீங்கள் "ஓஹோ" என்றீர்கள்.

அந்த மெக்கானிக்கை விட்டுவிடுங்கள். அவன் எச்சரித்தான், நான் கேட்டேன், தெரிந்துதான் கண்ணாடியைப் போட்டேன், தெரிந்துதான் ஜன்னலைப் பூட்டிவைத்தேன். அவன் மனைவி நேற்று கடைக்கு அவனுடைய படத்தைக் கொண்டுவந்து, இதற்குச் சட்டம் போடுங்கள், வீட்டில் பிள்ளைகள் முகத்தை மறந்துவிடப் போகிறார்கள் என்றாள். உயிரோடு இருப்பவனின் படத்துக்கு நான் கண்ணாடி வெட்டுவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். தான் செய்ததை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்க என்னால் ஆகாது. அது என் நாத்தனாருக்குக் கைவந்த கலை. உண்மையைச் சொல்ல அவருக்கு இரண்டு வருடம் வேண்டியிருந்தது. நான் பதினோரு வாரத்தில் சொல்லிவிட்டேன். எங்கள் இருவரில் யார் நேர்மையானவள் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.